‘வா மரியா, வா!’ மண்புழு கொடுத்துப் பறவையை அழைக்கும் ஈக்வடார் விவசாயி

விடியற்காலை ஐந்தேகால் மணி. கும்மிருட்டு. மலைச்சரிவில் சேறு வழுக்கும் ஒற்றையடிப் பாதை. ரப்பர் பூட்ஸ் போட்ட விவசாயி ஒருவர் டார்ச் அடித்தபடி முன்னால் போகிறார். அவருக்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்த ஒரு குடும்பம். அப்பாவின் தோளில் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா லென்ஸ், அம்மாவின் கழுத்தில் பைனாகுலர், தூக்கம் கலையாத இரண்டு பிள்ளைகள். விவசாயியின் இன்னொரு கையில் மூடி போட்ட ஒரு டப்பா. அதற்குள் நெளிவது மண்புழு.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில், மிந்தோ என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் இது அடிக்கடி நடக்கும் காட்சி. முன்னால் போகிற விவசாயியின் பெயர் ஆங்கெல் பாஸ். உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்களுக்கு இன்று தெரிந்த பெயர். ஆனால் அவர் விலங்கியல் படித்தவர் அல்ல. மலைச்சரிவில் கருப்பு பெர்ரி போன்ற பழங்களைப் பயிர் செய்து பிழைத்தவர். கோழிக்குத் தீனி போடத் தெரிந்த எந்த விவசாயியும் செய்யக்கூடிய ஒரு காரியத்தை, வேறு யாரும் செய்து பார்க்காத ஒரு காட்டுப் பறவையிடம் செய்து பார்த்தார். அவ்வளவுதான். அதில் அவர் குடும்பத்தின் பிழைப்பே திசை மாறிவிட்டது.

நம் ஊரில் காட்டை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது. ‘அந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மேகம் இறங்கும் மலை

ஈக்வடார் சின்ன நாடு. பரப்பில் தமிழ்நாட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஆனால் அங்கே 1,600-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய இந்தியா முழுவதற்கும் சேர்த்தே 1,300 சொச்சம்தான். காரணம், நாட்டின் நடுவே எழுந்து நிற்கும் ஆண்டிஸ் மலைத்தொடர். மலைக்கு ஒரு பக்கம் அமேசான் காடு, மறுபக்கம் பசிபிக் கடல். கடல் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. பிற்பகலானால் மேகம் மரக்கிளைக்குள்ளேயே இறங்கிவிடும். மரத்தின் தண்டெல்லாம் பாசி, பாசியின்மேல் ஆர்க்கிட். மேகக் காடு என்றே அதற்குப் பெயர்.

தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் கீழே இறங்கினால் மிந்தோ வட்டாரம். பூமத்திய ரேகை பக்கத்திலேயே போவதால் ஆண்டு முழுவதும் காலை ஆறுக்கு விடியும், மாலை ஆறுக்கு இருட்டும். மார்கழி, சித்திரை என்ற வித்தியாசமெல்லாம் பொழுதுக்குக் கிடையாது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகிற மரத்தக்காளிக்குப் பூர்வீகம் இந்த ஆண்டிஸ் மலைதான். அந்த ஊர் விவசாயியின் பாடும் நம் மலை விவசாயியின் பாடு போலவேதான். சரிவு நிலம், மழையில் அரிக்கும் மண், பூஞ்சண நோய், பழம் பறித்து அன்றைக்கே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம், அங்கே வியாபாரி சொல்லும் விலை. கட்டுப்படியாகாதபோது என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டுவார்கள். மரம் ஒரு முறை காசாகும். வெட்டிய இடத்தில் புல் போட்டு மாடு மேய்ப்பார்கள். மேற்கு ஈக்வடாரின் தாழ்வான காடுகளில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் மேய்ச்சல் நிலமாகவும், வாழை, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் மாறிப்போனது. உலகிலேயே அதிகம் வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு அது என்ற பெருமைக்கு அந்தக் காடுகளும் விலை கொடுத்திருக்கின்றன.

பாதை வெட்டப் போய்க் கிடைத்த மரியா

பாஸ் குடும்பத்தின் நிலத்தில் கொஞ்சம் காடு மிஞ்சியிருந்தது. அந்தக் காட்டில் ஓர் இடத்தில் தினமும் விடியற்காலையில் ‘பாறைச் சேவல்’ எனப்படும் பறவைகள் கூடிச் சத்தம் போடும். ஸ்பானிய மொழியில் அதற்கு அப்படித்தான் பெயர். ஆணுக்கு உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, இறக்கையில் கறுப்பும் சாம்பலும், அலகையே மூடிக்கொள்ளும் அரைவட்டக் கொண்டை. ஆண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடித் தலையை ஆட்டி, குதித்து, பன்றி உறுமுவதுபோல் கத்தும். பழுப்பு நிறப் பெண் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்த ஆணோடு சேரும். அதோடு ஆணின் வேலை முடிந்தது. பாறை இடுக்கில் கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் தனிப்பாடு.

இந்தப் பறவையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று பாஸுக்குத் தெரியவந்தது. சரி, நம் நிலத்திலும்தான் இருக்கிறதே, ஒரு பாதை வெட்டி வைப்போம் என்று இறங்கினார். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை.

நம் ஊரில் ரொட்டவேட்டர் ஓடும்போது பின்னாலேயே கொக்கும் மைனாவும் கரிச்சானும் வருவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணைப் புரட்டினால் புழு வெளியே வரும். புழு வந்தால் பறவை வரும். காட்டிலும் அதேதான் நடந்தது. புதிதாக வெட்டிய பாதையில் கால் நீண்ட, வால் இல்லாதது போன்ற உருண்டையான ஒரு பறவை நின்று மண்புழுவைத் தின்றுகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் புதருக்குள் ஓடிவிட்டது.

அதுதான் பேருருவ ஆன்ட்பிட்டா. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து போகும் ஆறுமணிக் குருவியைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் பிடிபடும். காட்டுத் தரையில் சருகைக் கிளறித் தின்னும் பழக்கமும் ஒன்றே. ஆனால் நெருங்கிய உறவு இல்லை. ‘பேருருவ’ என்பதும் அதன் இனத்தாரோடு ஒப்பிட்டுத்தான். உயரத்தில் அது முக்கால் வளர்ந்த கோழிக்குஞ்சு. ஈக்வடாரிலும் தெற்குக் கொலம்பியாவிலும் மட்டுமே உண்டு. அழிவு அச்சுறுத்தல் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. அடர்ந்த புதருக்குள் இருட்டிலேயே வாழ்வதால், பறவை பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள்கூட ஆண்டுக்கணக்கில் அலைந்து அதன் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

பாஸுக்கு அந்த அருமையெல்லாம் அப்போது முழுதாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தெரிந்தது கோழி. மறுநாள் மண்புழு தோண்டி எடுத்துப் போனார். பறவையைப் பார்த்த இடத்தில் போட்டார். பறவை ஓடியது. மறுபடி போனார். மறுபடி ஓடியது. நிறுத்தாமல் போனார். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே அழைப்பு. நாம் கோழியை ‘பா… பா…’ என்று கூப்பிடுவதுபோல அவர் ஸ்பானிய மொழியில் ‘வா, வா’ என்று கூப்பிட்டார். ஒருநாள் அது அவர் கண்ணெதிரிலேயே வந்து புழுவை எடுத்தது. அதற்கு மரியா என்று பெயர் வைத்தார். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆகவே மரியா பெண்தானா என்பது மரியாவுக்கே வெளிச்சம்.

உலகிலேயே பார்க்க அரிதான பறவைகளில் ஒன்று, ஒரு விவசாயி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நடந்து வருகிறது! கேட்டவர்கள் நம்பக் கஷ்டமான செய்திதான். நேரில் வந்து பார்த்தவர்கள் மூலம் அது பரவியது. பாதையின் முதல் விருந்தாளி பாறைச் சேவல்தான் என்றாலும், வந்தவர்களைத் திரும்பத் திரும்ப வரவைத்தது மரியா.

அதன்பின் பாஸ் மற்ற ஆன்ட்பிட்டாக்களையும் இதே முறையில் பழக்கினார். மஞ்சள் நெஞ்சுள்ளதற்கு வில்லி. மீசை போன்ற கோடுள்ளதற்குச் சூசன். இருப்பதிலேயே சிறிய ஒன்று, நின்ற இடத்திலேயே காலை அசைக்காமல் இடுப்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டும். கொலம்பியாவின் பிரபல பாடகியை நினைத்து அதற்கு ஷகிரா என்று பெயரிட்டார்கள். கௌதாரிபோல் கூட்டமாகத் திரியும் காட்டுக் காடைகளுக்கு வாழைப்பழம் வைத்துப் பழக்கினார்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் ‘பாஸ் தே லாஸ் ஆவெஸ்’ புகலிடம். பாஸ் என்பது குடும்பப் பெயர். ஸ்பானிய மொழியில் அமைதி என்றும் பொருள். பறவைகளின் அமைதி என்று படிக்கலாம், பறவைகளின் பாஸ் குடும்பம் என்றும் படிக்கலாம்.

படம் எடுப்பவருக்கு வழிகாட்டி எதற்கு?

லட்சக்கணக்கில் செலவழித்துக் கேமரா வாங்கி வருகிறவருக்கு ஒரு விவசாயி எதற்கு என்று தோன்றலாம். அந்தக் காட்டின் தரைமட்டத்தில் காலை எட்டு மணிக்கும் அந்தி வெளிச்சம்தான். வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கும். அதற்குள் பறவை நகர்ந்தால் படம் கலங்கிவிடும். எத்தனை விலை உயர்ந்த கேமராவானாலும் இந்தத் தொல்லை உண்டு.

இங்கேதான் உள்ளூர்க்காரரின் அறிவு பேசுகிறது. ஆன்ட்பிட்டா இரண்டு தாவல் தாவும், பிறகு சிலைபோல ஓரிரு நொடி நிற்கும், மறுபடி தாவும். நிற்கும் அந்த நொடியில்தான் அழுத்த வேண்டும். அடுத்து எங்கே நிற்கும் என்பது புழு போடுகிறவருக்குத் தெரியும். புதருக்குள் போடாமல், கொஞ்சம் வெளிச்சம் விழும் இடத்தில் போடுவார். கேமராக்காரரின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ‘அசையாதீர்கள், பேசாதீர்கள்’ என்று கையாலேயே காட்டுவார். பிள்ளைகளும் அந்தக் கையைப் பார்த்து மூச்சை அடக்கி நிற்பார்கள்.

பாறைச் சேவலின் கதை வேறு. விடிவதற்கு முன்பே போய் மறைவில் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச்சம் வந்தபிறகு நடந்து போனால் கூட்டம் கலைந்துவிடும். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது படம் எடுக்க வெளிச்சம் போதாது. வெளிச்சம் வரும்போது பறவைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கும். நடுவில் கிடைக்கிற சில நிமிடத்தை நம்பித்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். இன்னொரு சிக்கல் அந்தச் சிவப்பு. பளீர்ச் சிவப்பை எடுக்கும்போது இறகின் கோடுகள் எல்லாம் மறைந்து வெறும் சிவப்புத் துணிபோலப் படம் வரும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து எடுக்க வேண்டும். நம் ஊரில் செம்பருத்தியையோ கோழிக்கொண்டைப் பூவையோ செல்போனில் எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். திரையில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் பல போன்களில் இது சரியாகிவிடும்.

ஃபிளாஷ் அடிப்பதை நல்ல வழிகாட்டிகள் விரும்புவதில்லை. இரவில் ஆந்தையின் கண்ணில் அடிப்பது கூடவே கூடாது. பதிவு செய்த குரலைப் போனில் போட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கமும் ஒன்று உண்டு. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து அது சண்டைக்கு ஓடி வரும். கூடு கட்டியிருக்கும் காலத்தில் இப்படிச் செய்தால் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். ஒரு படத்துக்காக ஒரு கூடு வீணாகலாம்.

பெரிய கேமரா இல்லாத குடும்பமும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வழிகாட்டிகள் முக்காலியில் பொருத்திய டெலஸ்கோப்பைத் தூக்கி வருவார்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அதைத் திருப்பி வைத்து, நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின்மேல் செல்போன் கேமராவைப் பொருத்திப் பிடித்தால், பத்து வயதுப் பிள்ளையும் அலகின் நுனிவரை தெரியும்படி படம் எடுத்துவிடும். கையை நடுக்காமல் பிடிப்பதுதான் வித்தை.

பிள்ளைகளுக்கு எளிதாகக் கிடைப்பது ரீங்காரச்சிட்டு. நம் தேன்சிட்டு வேறு, இது வேறு. ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு; ஈக்வடாரில் மட்டும் ஏறக்குறைய 130 வகை. சிறு வகைகள் நொடிக்கு 50 தடவைக்கு மேலும் இறக்கை அடித்து அந்தரத்திலேயே நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். வீட்டுத் திண்ணை ஓரத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிட்டால் மனிதர் காதோரம் பறந்து வந்து குடிக்கும். நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை. சாயம் கூடாது. தேன் கலந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் புளித்துவிடும் என்பதால் ஓரிரு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். மிந்தோ பக்கத்தில் பல வீடுகளில் இன்று இது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல அன்றாட வேலை.

குடும்பத்தைத் தேடி வரும் குடும்பங்கள்

பாஸின் தோட்டத்துக்கு வருபவர்கள் காலை நடையை முடித்ததும் அங்கேயே சாப்பிடுகிறார்கள். பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்து, பாலாடைக்கட்டி வைத்து உருட்டிய உருண்டை. கூடவே எம்பனாதா என்ற பொரித்த பலகாரம். சமைப்பது வீட்டார். ஆங்கெலின் தம்பி ரோத்ரிகோவும் பறவைகளை அழைப்பதில் தேர்ந்தவர். புழு தோண்டுவது, பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது, மூங்கில் படிக்கட்டைச் சரிசெய்வது, சமையல், வந்தவரை அழைத்துப் போவது என்று வேலை வீட்டுக்குள்ளேயே பங்காகிறது. ஈக்வடாரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டாலரே நாட்டு நாணயம் என்பதால் வெளியூர்க்காரர் கொடுப்பது அப்படியே செலவுக்குப் பயன்படுகிறது.

மிந்தோ வட்டாரத்தில் இந்த ஒரு குடும்பம் மட்டும் பிழைக்கவில்லை. கார் ஓட்டுபவர், தங்கும் விடுதிக்காரர், பழம் விற்பவர் என்று ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் வந்து சேர்கிறது. பக்கத்துத் தோட்டங்களிலும் வாழைப்பழம் செருகிய கிளைகள் வந்துவிட்டன. நம் இருவாச்சிபோல் பெரிய அலகுள்ள டூக்கானும் பச்சை, நீலம், மஞ்சள் என்று குழைத்துப் பூசியதுபோன்ற டனேஜர் குருவிகளும் அதில் வந்து உட்காருகின்றன. மண்புழு கொடுத்து ஆன்ட்பிட்டாவைப் பழக்கும் முறையும் மலை தாண்டிப் போய், கொலம்பியாவில் மனிசாலஸ் நகருக்கு மேலேயுள்ள ரியோ பிளாங்கோ காட்டிலும் பெருவிலும் வழக்கமாகிவிட்டது. காப்புரிமை கேட்காமல் ஒரு விவசாயி கொடுத்த தொழில்நுட்பம் என்று இதைச் சொல்லலாம்.

எல்லாம் சர்க்கரைப் பாகாக இல்லை. சொன்ன நேரத்துக்கு மரியா வராத நாளும் உண்டு. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவரின் முகம் அன்று எப்படி இருக்கும் என்பதையும் தாங்கத்தான் வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்கச் சுற்றுலா ஒரே வாரத்தில் நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில், பழமோ மாடோ கையில் வைத்திருக்கும் வீட்டுக்கும், எல்லாவற்றையும் விற்றுவிட்டு விடுதி கட்டிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. சுற்றுலா என்பது ஊடுபயிர். அதையே முழுப்பயிராக்கத் துணிகிறவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

தீனி போட்டால் பறவை சோம்பேறி ஆகாதா?

இதைக் கேட்காத விவசாயி இல்லை. நியாயமான கேள்வியும்கூட. குரங்குக்குத் தின்பண்டம் போட்டு மலைப்பாதையெல்லாம் நாம் பட்டுக்கொண்டிருக்கும் அவதி கண்முன்னே இருக்கிறது.

பறவையியலார்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. மனிதரிடம் பயம் விட்டால் வேட்டைக்காரரிடமும் பயம் விடும், ஒரே இடத்தில் பல பறவை கூடினால் நோய் பரவும், எதிரிப் பிராணிகளுக்கும் இடம் தெரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். ஆன்ட்பிட்டாவுக்குக் கொடுப்பது அது காட்டில் தானே தேடித் தின்கிற மண்புழுதான், அதுவும் சில துண்டுகள்தான், மீதிப் பொழுதுக்கு அது தானே மேய்ந்தாக வேண்டும், மிக முக்கியமாக அந்தப் புழுவால்தான் காடு வெட்டுப்படாமல் நிற்கிறது என்பது மறுபக்கம். இரண்டாவது வாதத்தில் எடை அதிகம். ஆனால் அது பாஸைப்போல அளவு தெரிந்து செய்பவர் கையில் இருக்கும்வரைதான். இன்னும் ஒரு பஸ் ஆட்கள் வந்திருக்கிறார்களே என்று இன்னொரு டப்பா புழுவைக் கொட்டத் தொடங்கினால் கணக்கு மாறிவிடும்.

நம் ஊரில் இதை அப்படியே செய்ய முடியுமா என்றால், முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. சரணாலயங்களிலும் காப்புக்காடுகளிலும் விலங்குக்கோ பறவைக்கோ தீனி போடுவதை வனத்துறை அனுமதிப்பதில்லை. அது சரியும்கூட. பறவை என்றாலே மயில் தின்ற நிலக்கடலையும் கிளி கடித்த கொய்யாவும் நினைவுக்கு வருகிற விவசாயியிடம் போய் பறவையை வரவேற்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வருவதிலும் தவறில்லை.

ஆனால் பறவையால் பயன்பெற்ற உழவர்கள் நம்மிடமும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கொக்கு, நாரைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைப் புத்தகம் படித்து அவர்கள் அறியவில்லை. பறவையைச் சுடக் கூடாது என்று 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்து வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் கூடு கட்டிய பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

சொந்த நிலத்தில் செய்யச் சட்டச் சிக்கல் இல்லாத வேலைகள் இருக்கின்றன. நெல் வயலில் ஏக்கருக்கு இருபது பறவைத் தாங்கி நடச் சொல்வது பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக. பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும், இரவில் ஆந்தை எலியைப் பிடிக்கும். கதிர் முற்றும்போது மட்டும் அவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கும் அது ஆசனமாகிவிடும். கோடையில் கிணற்று மேட்டு நிழலில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைத்தால் ஒரு வாரத்தில் என்னென்ன வருகிறது என்று வீட்டுப் பிள்ளைகளே கணக்கெடுத்துவிடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும். செல்போனை ஒரு கல்மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டுத் தள்ளிப் போய்விட்டால் போதும். மனிதர் பக்கத்தில் இல்லாதபோது பறவை தன் வேலையைப் பார்க்கும். அந்தப் படத்தில் தெரியும் பறவையின் பெயரைத் தாத்தாவிடம் கேட்டால், பல வீடுகளில் பள்ளிப் புத்தகத்தில் இல்லாத பெயர் கிடைக்கும்.

கேமரா எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் காடானாலும் அந்த ஊர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வனத்துறை அனுமதி பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய கூலியைப் பறவை வந்தாலும் வராவிட்டாலும் குறைக்காமல் கொடுங்கள். மழைக்காட்டில் லென்ஸில் ஆவி படிந்தால் சட்டையால் துடைக்க வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். லென்ஸ் துடைக்கும் துணி தனியாக இருக்கட்டும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம். கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

மிந்தோ மலையில் காலைச் சாப்பாடு முடிந்து, படங்களைத் திரையில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு விருந்தினர் கார் ஏறும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். வீட்டாருக்கு அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. நாளைக்கான புழுவை இன்றே தேடியாக வேண்டும். அந்தச் சரிவில் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை குறைவு. மேல்மண் காய்ந்தால் மண்புழு கீழே இறங்கிவிடும் என்பது நம் விவசாயிகள் அறிந்ததே. அப்போது ஈரம் காக்கிற, இலைதழை மக்கிய, ரசாயனம் படாத மண்ணில்தான் மண்வெட்டியைப் போட வேண்டியிருக்கும். மேகம் மரக்கிளைக்குள் இறங்குவதற்குள் டப்பா நிறைய வேண்டும்.